இருபது ரூபாயும் ஆயிரத்து இருநூறு ரூபாயும்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அப்போது இது சென்னை மாநிலம், முதல்வர் காமராஜர், தொகை மாதம் 20 ரூபாய். 2023 ஆகஸ்டில் அந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அறுபது மடங்கு உயர்வு என்று மேடையில் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1962இல் இருபது ரூபாய்க்குக் கிடைத்ததை 2023இல் வாங்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஏறக்குறைய 1,700 ரூபாய் வேண்டும். அறுபத்தொரு ஆண்டுகளில் மாநிலம் எத்தனையோ மடங்கு செழித்திருக்கிறது. ஆதரவற்ற முதியவர் கையில் விழும் ரொக்கம் மட்டும், வாங்கும் மதிப்பில், தொடங்கிய இடத்துக்கும் கீழே நிற்கிறது.

இதைச் சொன்னவுடன் ஒரு நியாயமான மறுப்பு வரும். அன்று வெறும் இருபது ரூபாய்தான் இருந்தது. இன்று ரேஷன் அரிசி இலவசம், 100 யூனிட் கரண்ட் இலவசம், மாத்திரை வீடு தேடி வருகிறது, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். அரசு, கோயில், ஆசிரமம், பௌர்ணமிக் கூட்டம் என்று பல கைகள் சேர்ந்து முதியவர்களைத் தாங்கும் ஊர் அது. அத்தனை கைகள் இருந்தும் எது மிஞ்சுகிறது, அதை எந்தப் பணம் அடைக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

விலைவாசியும் தேர்தலும்

முதலில் மேலே சொன்ன கணக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை மத்திய தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறது. 1960ஐ 100 என்று வைத்துத் தொடங்கிய அந்தத் தொடர் 1982, 2001, 2016 ஆகிய ஆண்டுகளை அடிப்படையாகக் கொண்டு மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது. பழைய தொடரையும் புதியதையும் இணைக்கும் எண்கள் முறையே 4.93, 4.63, 2.88. மூன்றையும் பெருக்கினால் 65.7 வரும். 2023 ஆகஸ்டின் குறியீடு 139.2. அதை 65.7ஆல் பெருக்கினால் 1960இன் 100 ரூபாய்ப் பொருளுக்கு 2023இல் 9,150 ரூபாய் ஆகும் என்று தெரிகிறது. 1960க்கும் 1962க்கும் இடையில் விலை சற்றே ஏறியிருந்தது. அதைக் கழித்தால் இருபது ரூபாய்க்கு ஈடு 1,700ஐ ஒட்டி வந்து நிற்கும். இது நாடு முழுவதற்குமான சராசரி. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறலாம், திசை மாறாது.

இதே அளவுகோலை மற்ற ஆண்டுகள் மீதும் வைத்துப் பார்க்கலாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கி, 65 வயதைக் கடந்த ஏழைகளுக்கு மாதம் 75 ரூபாய் என்றது. அன்று 1962இன் இருபது ரூபாய்க்கு ஈடு ஏறக்குறைய 290 ரூபாய். 2006இல் மத்தியப் பங்கு 200 ரூபாயானது. 2007 நவம்பரில் இந்திரா காந்தி பெயரில் திட்டம் விரிவடைந்தது. 2011இல் வயது வரம்பு 60ஆகக் குறைந்து, எண்பதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் ஆனது. அதோடு சரி. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தருவது 2006இல் நிர்ணயித்த அதே 200 ரூபாய்தான். விலைவாசியோடு சேர்ந்து நடந்திருந்தால் 2023இலேயே அது 670 ரூபாயை ஒட்டி இருந்திருக்கும்.

தமிழ்நாடு இந்த இடைவெளியைத் தன் பணத்தால் அடைத்துவருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2011இல் ஜெயலலிதா பொறுப்பேற்றதும் 500 ரூபாயாக இருந்த தொகையை 1,000 ஆக்கினார். 1962இன் இருபது ரூபாய்க்கு அப்போதைய ஈடு 800 ரூபாய்தான். ஆகவே அந்த ஒரு கட்டத்தில் உதவித்தொகை தன் பழைய மதிப்பைத் தாண்டிச் சென்றது. பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அசையவில்லை. 2013 வாக்கிலேயே மீண்டும் 1962இன் மதிப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. 2011இன் ஆயிரம் ரூபாய் 2023 ஆகஸ்டில் 2,140 ரூபாய்க்குச் சமம், கிடைத்ததோ 1,200.

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக 1,500 ரூபாய் என்றது, அதிமுக 2,000 ரூபாய் என்றது. இரண்டுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்ததாக யாரும் விளக்கவில்லை. விளக்கும்படி யாரும் கேட்கவும் இல்லை. இந்தத் தொகையை உயர்த்துவது விலைவாசி அல்ல, தேர்தல். இதே நாட்டில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை ஏறுகிறது. அதைக் கணக்கிட மத்திய அரசு பயன்படுத்துவது மேலே சொன்ன அதே விலைக் குறியீட்டைத்தான். விலை ஏறுவதை மாதாமாதம் அளக்கத் தெரிந்த அரசு, அந்த அளவை ஒரு வகை முதியவருக்குப் பயன்படுத்துகிறது, இன்னொரு வகை முதியவருக்குப் பயன்படுத்துவதில்லை.

அண்ணாமலையார் ஊரில் ஒரு மாதச் செலவு

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில், ஒண்டுக்குடித்தனமாக ஓர் அறையில் தனியாக இருக்கும் அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவர். ஆனால் இவரைப் போன்றவர் இல்லாத தெரு அந்த ஊரில் இல்லை.

அரிசிக்குக் கவலை இல்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். ஒருவர் மட்டும் உள்ள அட்டைக்கு மாதம் 12 கிலோ கிடைக்கும். முதியோர் உதவித்தொகை பெறுபவர் என்பதால் அதற்கென்று தனியாக நான்கு கிலோ அரிசி உண்டு. சத்துணவுக் கூடத்தில் மதியம் சாப்பிடுபவராக இருந்தால் இரண்டு கிலோ. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1983இல் முதியோருக்கும் விரிவாக்கப்பட்டதன் தொடர்ச்சி இது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை வரும். சமைக்க முடியாத நாளில் கோயிலுக்குப் போகலாம். 2002இல் கோயில்களில் தொடங்கிய அன்னதானத் திட்டம், 2022இன் இறுதியில் திருவண்ணாமலையில் நாள் முழுவதும் நடக்கும் அன்னதானமாக விரிந்தது. ரமணாசிரமத்தில் மதியத்துக்கு முன்பே சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுவது பல காலமாக நடந்துவருகிறது. இந்த ஊரில் வயிறு காய்ந்து யாரும் சாகமாட்டார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். சோற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை.

கரண்ட் பில்? வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே 23 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, எப்போதாவது மிக்ஸி என்று இருக்கும் வீட்டில் ரீடிங் எடுக்க வருபவர் அட்டையில் சுழியம் எழுதிவிட்டுப் போவார். ஆனால் அந்த அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியம். ஒரே வளாகத்தில் நாலைந்து குடித்தனங்கள், வீட்டுக்காரர் பெயரில் ஒரே இணைப்பு, உள்ளுக்குள் தனித்தனியாகச் சின்ன மீட்டர்கள் என்றால் இலவச யூனிட்டுகள் வீட்டுக்காரர் கணக்கில் கழிந்துவிடும். வாடகைக்கு இருப்பவர் முதல் யூனிட்டிலிருந்தே அவர் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டும். சலுகை இணைப்புக்குப் போகிறது, ஆளுக்குப் போவதில்லை. சொந்த வீடு உள்ள முதியவருக்குக் கரண்ட் இலவசம். வீடே இல்லாத முதியவர் காசு கொடுக்கிறார்.

அடுத்தது சிலிண்டர். 2025 ஏப்ரலில் சென்னை விலை 868 ரூபாய் 50 காசு. தனி ஆளுக்கு ஒரு சிலிண்டர் மூன்று மாதம் வரும் என்று வைத்தால் மாதத்துக்கு 290 ரூபாய். உஜ்வலா இணைப்பு வைத்திருந்தால் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கிடைக்கும். இல்லாதவருக்குப் பெயரளவுக்கு ஏதோ வங்கிக் கணக்கில் விழும். அந்த மானியமும் முழு விலை கொடுத்து வாங்கிய பிறகுதான் வரும். 1,200 ரூபாயில் வாழ்பவர் சிலிண்டர் வந்து இறங்கும் நாளில் அதில் முக்கால் பங்கை ஒரே தடவையில் எடுத்து நீட்ட வேண்டும். கைம்மாற்று வாங்குவது பெரும்பாலும் அந்த நாளில்தான்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சர்க்கரையும் சேர்த்து 70 ரூபாய்க்குள் முடியும். ஆனால் அந்தக் கடைக்கு நடந்துபோக முடிய வேண்டும், இயந்திரத்தில் ரேகை விழ வேண்டும். வயதானவர்களின் விரல்களில் ரேகை தேய்ந்துபோவது ஊரறிந்த விஷயம். இதற்காக 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. தொடங்கியபோது அது எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டுமே ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோனது. நம் கணக்கில் உள்ள பெண்ணுக்கு வயது அறுபத்தெட்டு.

பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வருகிறது. மாதாமாதம் நிச்சயமாக விழும் ஒரு செலவை இத்திட்டம் உண்மையாகவே குறைத்திருக்கிறது. ஆனால் மூட்டுவலித் தைலம், கண்ணாடி, பல், இருமல் மருந்து, ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் ஆட்டோ ஆகியவை எந்தத் திட்டத்திலும் அடங்குவதில்லை.

இப்போது கூட்டிக் கழிப்போம். 1,200 ரூபாயில் சிலிண்டருக்கு 290, ரேஷனுக்கு 70 போனால் மீதி 840. நாளொன்றுக்கு 28 ரூபாய். வாடகை, வீட்டுக்காரருக்குக் கரண்ட், காய்கறி, பால், சோப்பு, செல்போன் ரீசார்ஜ், பேரப்பிள்ளை வந்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அறை வாடகை ஒன்று மட்டுமே அந்த 840ஐ விழுங்கிவிடும்; கிரிவலப் பாதையை ஒட்டி நிலமும் வாடகையும் ஏறியிருக்கும் ஏற்றத்தில் அதுவும் போதாது.

இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற மறுப்புக்கு விடை இங்கே இருக்கிறது. அரசும் கோயிலும் சேர்ந்து முதியவரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டுவிட்டன. அரிசி, பருப்பு, மாத்திரை போன்றவை எல்லோருக்கும் பொதுவான தேவைகள். அரசு அவற்றைப் பொருளாகத் தருவது சரியும்கூட. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லாத செலவுகளை ரொக்கம்தான் அடைக்க முடியும். ஒருவருக்கு வாடகை, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்குக் கடனுக்கு வட்டி. தன் முடிவில் செலவு செய்ய முதியவரிடம் உள்ள ஒரே பணம் தேய்ந்துகொண்டே வந்தால், பொருளாக எவ்வளவு கொடுத்தாலும் அவர் யாரிடமாவது கை நீட்டத்தான் வேண்டியிருக்கும்.

அந்தப் பற்றாக்குறையை இந்த ஊரில் அடைப்பது பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களின் வாசலிலும், அவற்றுக்கு நடுவே உள்ள மர நிழல்களிலும் அன்று வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் கற்பூரமும் பூவும் விற்பார்கள். சிலர் துண்டை விரித்திருப்பார்கள். ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வரும் கூட்டம் சில ஆண்டுகளாகப் பெருகியிருப்பதால் வரும்படியும் கூடியிருக்கிறது. அரசு விட்ட இடத்தைப் பக்தர்களின் சில்லறை நிரப்புகிறது. அதை அறம் என்று பாராட்டலாம். அதை ஒரு சமூகப் பாதுகாப்புத் திட்டமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. மழை பெய்தால் அந்த மாதம் வருமானம் இல்லை.

மகன் பெங்களூரில் இருக்கிறான்

தொகை போதுமா என்பது கிடைத்தவர்களின் பிரச்சினை. கிடைக்காதவர்கள் வேறு வரிசையில் நிற்கிறார்கள்.

விதிப்படி வயது அறுபதைக் கடந்திருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், பிழைக்க வேறு வழி இருக்கக் கூடாது. சொத்து மதிப்புக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. நெடுங்காலம் அது 5,000 ரூபாயாக இருந்தது. பிறகு 50,000 ஆகி, அதன்பின் 1 லட்சமாக உயர்ந்தது. வரம்பு உயர்ந்தது நல்லதுதான். ஆனால் விசாரணைக்கு வரும் வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் சொத்தைவிட முக்கியமாகக் கேட்பது பிள்ளைகளைப் பற்றி. மகன் இருக்கிறாரா, என்ன வேலை, பார்த்துக்கொள்கிறாரா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 24.6 லட்சம் பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். நிலக்கடலையும் நெல்லும் மழையை நம்பிய விவசாயம். ஆரணிப் பக்கம் பட்டு நெசவு உண்டு. மற்ற இடங்களில் ஆண்டு முழுவதும் கூலி கிடைப்பதில்லை. அதனால் செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கத்து இளைஞர்களும் குடும்பங்களும் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போவது தலைமுறைப் பழக்கமாகிவிட்டது. ஊரில் தங்குவது கிழவனும் கிழவியும், சில வீடுகளில் பேரப்பிள்ளைகளும். பெங்களூரில் மகன் கூலிக்குக் கலவை சுமக்கிறான். அங்கே அவனுக்கும் வாடகை, அவன் பிள்ளைக்கும் பள்ளிக் கட்டணம். வருஷத்தில் தீபத்துக்கும் பொங்கலுக்கும் வருவான், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போவான். காகிதத்தில் அவன் ஆதரிக்கும் மகன்.

அம்மாவும் மகனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். “என் பையன் என்னைப் பார்க்கறதில்லைங்க” என்று அதிகாரியிடம் சொல்வது பெற்றவளுக்கு மானக்கேடு. சொல்லாவிட்டால் மனு தள்ளுபடி. சொன்னால், மகன் மீது கோட்டாட்சியரிடம் வழக்குப் போடலாமே என்று சட்டம் வழிகாட்டுகிறது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வந்தன. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித்தரலாம். வசதியான மகன் கைவிட்ட பெற்றோருக்கு அந்தச் சட்டம் உதவும். கூலிக்காரனான மகன்மீது கூலிக்காரியான தாய் வழக்குத் தொடுத்து என்ன கிடைக்கும்? வறுமை தலைமுறை கடந்து வருவதை இந்த விதி கணக்கில் எடுக்கவில்லை. ஏழைக்குப் பிள்ளை இருப்பதையே ஒரு சொத்தாக எண்ணிக்கொள்கிறது.

இதன் இன்னொரு முனையில் கிரிவலப் பாதையின் சாதுக்களும் ஊர்விட்டு வந்து தங்கிவிட்ட வயோதிகர்களும் இருக்கிறார்கள். ரமணர் 1896இல் வந்து சேர்ந்த காலம்தொட்டே இந்த ஊர் வீட்டை விட்டு வந்தவர்களின் ஊர். காவி கட்டிய எல்லோரும் ஞானத்தைத் தேடி வந்தவர்கள் அல்ல. மருமகளோடு ஒத்துப்போகாமல் வந்தவர்களும், மனைவி இறந்தபின் போக்கிடம் இல்லாமல் வந்தவர்களும் அதில் உண்டு. ஆதரவு இல்லை என்பதற்கு இவர்களைவிடச் சரியான சான்று கிடையாது. ஆனால் ரேஷன் அட்டையில் வேறு ஊர், ஆதாரில் வேறு முகவரி, அல்லது இரண்டுமே இல்லை. உதவித்தொகைக்கு மகன் இருக்கக் கூடாது, முகவரி இருக்க வேண்டும். பெங்களூர்க் கூலியின் தாய்க்கு முதலாவது தடை, மரத்தடிச் சாதுவுக்கு இரண்டாவது.

வெங்கிக்காலில் திங்கட்கிழமை

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் வெங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதித்தருபவர்கள் வெளியே இருப்பார்கள். “உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு” என்று தொடங்கி, “கருணை கூர்ந்து” என்று முடியும் மனு சில நிமிடங்களில் தயார். உள்ளே பதிவு செய்து, ரசீது வாங்கி, வரிசையில் நின்று கொடுத்தால் அந்த மனு கீழிறங்கத் தொடங்கும். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டத்துக்கு, அங்கே சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் வி.ஏ.ஓ.வுக்கு. பிறகு அறிக்கையாக அதே படிகளில் மேலே ஏறும். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு மூதாட்டியின் வறுமையை நான்கு அலுவலகங்கள் சரிபார்க்கின்றன.

தகுதி உறுதியானாலும் உடனே பணம் வராது. மத்திய அரசு நாடு முழுவதற்கும் முதியோர் எண்ணிக்கையை 2.21 கோடி என்று வரம்பு கட்டி, மாநிலங்களுக்குப் பங்கு பிரித்திருக்கிறது. மாநிலத் திட்டங்களுக்கும் நிதிக்கேற்ற வரம்பு உண்டு. அதனால் யாராவது இறந்தாலோ நீக்கப்பட்டாலோதான் புதியவருக்கு இடம் என்ற நிலை பல இடங்களில் உருவாகிறது. உதவித்தொகை உரிமை என்றால் தகுதி வந்த நாளிலிருந்து கிடைக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் இருக்கும்வரை அது சலுகைதான்.

பணம் வந்து சேரும் வழியும் மாறியிருக்கிறது. முன்பு தபால்காரர் மணியார்டரைக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பார். பத்தோ இருபதோ அவருக்குப் போவது எழுதாத விதி. 2011க்குப் பின் வங்கி வழிக்கு மாறியது. கிராமங்களில் வங்கி முகவர் சின்ன இயந்திரத்தோடு வருகிறார், ரேகை வைத்தால் பணம். தபால்காரர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். இயந்திரம் விரலைப் பார்த்துக் கொடுக்கிறது. லஞ்சம் குறைந்திருக்கிறது, ரேகை விழாத நாள்கள் கூடியிருக்கின்றன. எண்பது வயதில் மூன்று கிலோமீட்டர் நடந்துபோய், “சர்வர் இல்ல பாட்டி, நாளைக்கு வா” என்ற பதிலோடு திரும்புவதற்கும் ஒரு விலை உண்டு. அது எந்தக் குறியீட்டிலும் ஏறுவதில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இந்தக் கதையில் ஒரு திருப்பம். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயரிட்டது முக்கியமான மாற்றம். முதியோர் உதவித்தொகை பெறுபவருக்கு அது கிடையாது. அவர் வீட்டில் உள்ள தகுதியான வேறு பெண் பெறலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். விளைவாக, குடும்பம் நடத்தும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு 1,000, வேலைக்குப் போகும் தெம்பு இல்லாத எழுபது வயதுப் பெண்ணுக்கு 1,200. வயதும் நோயும் தனிமையும் கூட்டித்தரும் தேவைக்கு அரசு வைத்த விலை 200 ரூபாய்.

எல்லைக்கு அப்பால்

திருவண்ணாமலைக்குப் பேருந்தில் வரும் ஆந்திர முதியவர் 2024 ஜூலை முதல் தன் ஊரில் மாதம் 4,000 ரூபாய் பெறுகிறார். தெலங்கானாவில் 2,016 ரூபாய். கேரளத்தில் 1,600 ஆக இருந்தது 2025 நவம்பரில் 2,000 ஆனது. சமூக நலத்தில் முன்னோடி என்று பெயரெடுத்த தமிழ்நாடு இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறது. அந்த மாநிலங்களும் தேர்தலை ஒட்டியே உயர்த்தின என்பது உண்மைதான். தொகை பெரிது என்பதற்காக அதையே முறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிரிட்டன் 1997இல் முதியோரின் குளிர்கால எரிபொருள் செலவுக்கென்று தனியாக ஓர் உதவித்தொகை தொடங்கியது. வசதி பார்க்காமல் எல்லா முதியோருக்கும் போன பணம் அது. 2024இல் புதிய அரசு சிக்கனம் கருதி, வறியோருக்கான ஓய்வூதியச் சலுகை பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இழந்தனர். அந்தச் சலுகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத லட்சக்கணக்கான ஏழை முதியவர்களும் அவர்களில் அடக்கம். எதிர்ப்பு வலுத்து அடுத்த ஆண்டே அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்கள் அனைவருக்கும் திருப்பிக்கொடுத்தது. படித்த, வசதியான நாட்டிலேயே விண்ணப்பப் படிவம் ஏழைகளை வடிகட்டிவிடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

நம்மைவிட ஏழை நாடான நேபாளம், 1990களின் நடுவில் மன்மோகன் அதிகாரி பிரதமராக இருந்தபோது எழுபத்தைந்து வயதைக் கடந்த அனைவருக்கும் மாதம் நூறு ரூபாய் என்று தொடங்கியது. மகன் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. பிற்பாடு வயதைக் குறைத்துக்கொண்டே வந்தது. பணம் சிறிது, விதி எளிது. அதனால் அது கிராமம்வரை போய்ச் சேர்ந்தது.

என்ன செய்யலாம்

மத்திய அரசின் 200 ரூபாயை உயர்த்தச் சொல்லிப் பலமுறை கேட்டாகிவிட்டது. ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்ட அறுபது பொருளாதார அறிஞர்கள் 2017இல் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். 500 ரூபாய் ஆக்குங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் முதியோருக்கான திட்டங்களை மறுபார்வை பார்க்கச் சொன்னது. அரசியல் சட்டத்தின் 41ஆவது கூறு முதுமையில் பொது உதவி பெறுவதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. எதுவும் அந்த 200ஐ அசைக்கவில்லை. மத்திய அரசைக் குறை சொல்வது நியாயம். அதைச் சொல்லிக்கொண்டே மாநிலம் கைகட்டி நிற்பது நியாயமில்லை.

முதல் வேலை, தொகையை 1962இன் மதிப்புக்காவது கொண்டுவருவது. மாநிலத்தில் வருவாய்த் துறையின் எல்லா ஓய்வூதியங்களையும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் பேர் பெறுகிறார்கள். ஆளுக்கு 500 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 1,800 கோடி. மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுதோறும் ஆகும் பன்னிரண்டாயிரம் கோடிக்கு மேற்பட்ட செலவோடு ஒப்பிட்டால் இது ஏழில் ஒரு பங்கு.

இரண்டாவது, அந்தத் தொகையை விலைக் குறியீட்டோடு கட்டிவிடுவது. ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் 1இல், தானாக ஏற வேண்டும். பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் விலையேற்றம், ஊதிய உயர்வு, இரண்டரை சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அதற்கேற்ப உயர்கிறது. அவ்வளவு தாராளம் வேண்டாம். விலையேற்றம் ஒன்று போதும். இதில் அரசியல்வாதிக்கு இழப்பு உண்டு: தானாக ஏறும் தொகையை அறிவிக்க மேடை தேவைப்படாது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து 200 ரூபாய் வாங்கியவர்களுக்கு அந்த மேடையால் என்ன பயன் என்று கேட்க வேண்டியது நாம்.

மூன்றாவது, மகனைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுவது. வருமான வரி கட்டுபவர், அரசு ஓய்வூதியம் பெறுபவர், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலம் உள்ளவர் ஆகியோரை விலக்கிவிட்டு மற்ற எல்லா முதியவருக்கும் கொடுக்கலாம். விலக்க வேண்டியவர்களின் பட்டியல் அரசின் கணினியிலேயே இருக்கிறது. ஏழையை அடையாளம் காண்பதுதான் கடினம். 65 வயதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கலாம். 2021இல் தமிழ்நாட்டு மக்களில் அறுபதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பத்து ஆண்டு கழித்து இதைத் தொடங்குவது இப்போதைவிடக் கடினமாக இருக்கும்.

நான்காவது, சின்ன வேலை. ஆனால் திருவண்ணாமலை போன்ற ஊரில் பெரிய பயன் தரும். இலவச மின்சாரத்தை இணைப்போடு மட்டும் கட்டாமல், வாடகைக்கு இருக்கும் முதியவரின் உதவித்தொகையில் அதற்கு ஈடான சிறு தொகையைச் சேர்க்கலாம். சிலிண்டர் மானியத்தை வாங்கும்போதே விலையில் கழிக்கலாம். ரேகை விழாதவருக்கு முகப் பதிவோ, அதுவும் முடியாவிட்டால் சாட்சிக் கையெழுத்தோ போதும் என்று முகவர்களுக்கு எழுத்தில் உத்தரவு தரலாம். முகவரி இல்லாதவருக்கு நகராட்சியிலிருந்து மாநகராட்சியாகிவிட்ட ஊரே தன் பொறுப்பில் ஒரு முகவரி கொடுக்கலாம்.

அன்னதானம் நடக்கட்டும், பௌர்ணமிக் கூட்டம் வரட்டும். அவை ஊரின் பண்பாடு. ஆனால் அரசின் பொறுப்பு அவை முடியும் இடத்தில் தொடங்குவதல்ல, அவற்றுக்கு முன்பே தொடங்குவது. 1962இல் இன்றைவிட எத்தனையோ ஏழையாக இருந்த மாநிலம் ஒரு முதியவரின் மாதத்துக்கு இருபது ரூபாய் ஒதுக்க முடிந்ததென்றால், அதே மதிப்பை இன்று கொடுக்கப் பணமில்லை என்று எந்த நிதியமைச்சராலும் சொல்ல முடியாது. இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.